வெளியே ஒரு கீறல்கூட இல்லை, உள்ளே ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது: கார்பன் காலாவை எப்படிச் சோதிப்பது?

செம்பனை_பீடோங் | திங்கள், இரவு 9:12

வணக்கம். மலேசியாவின் கெடாவில், பீடோங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலைவெட்டு காண்ட்ராக்ட் எடுத்து நடத்துகிறோம், அப்பா காலத்திலிருந்து. எங்கள் பிளாக்கில் பாதி மரங்கள் இருபது வயதை நெருங்கியவை, பத்து மீட்டருக்கு மேல் உயரம். அலுமினியக் காலாவை, அதாவது நுனியில் அரிவாள் மாட்டிக் குலை வெட்டும் நீளக் கம்பை, தூக்கித் தூக்கி ஆட்களுக்குத் தோள் போய்விடுகிறது என்று போன வருடம் கார்பன் பைபர் காலா ஆறு வாங்கினோம். கனம் குறைவு, உயரத்தில் ஆட்டமும் குறைவு, எல்லோருக்கும் பிடித்துப்போனது.

போன வியாழன் காலை என் மைத்துனர் மேலே அரிவாளை மாட்டி இழுக்கும்போது ஒரு காலா நடுவில் மடங்கிவிட்டது. உடைந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, நசுங்கி மடங்கியது. அரிவாள் அவர் காலுக்கு ஒரு முழம் தள்ளி மண்ணில் குத்தி நின்றது. அதைப் பார்த்த கணத்திலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

மடங்கிய இடத்தைப் பிரித்துப் பார்த்தேன். வாழைத்தண்டுப் பட்டையை உரிப்பது போல ஏடு ஏடாக வருகிறது. இப்போதுதான் ஒன்று ஞாபகம் வருகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் அதே காலா கீழே கிடந்தபோது ஒரு குலை அதன் மேல் விழுந்தது, இருபது கிலோவாவது இருக்கும். "டக்" என்று ஒரு சத்தம். எடுத்துத் துடைத்துப் பார்த்தோம், கீறல்கூட இல்லை, பளபளவென்று இருந்தது, அப்படியே வேலையைத் தொடர்ந்தோம். விற்ற இடத்தில் கேட்டால் நீங்கள் முறையாகப் பயன்படுத்தவில்லை என்கிறார்கள். அந்தச் சண்டையை இங்கே கொண்டுவரவில்லை. மீதி ஐந்து காலா வீட்டில் இருக்கிறது. அதை ஆட்கள் கையில் கொடுக்கலாமா கூடாதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

---

கோலமூடா_படகு | திங்கள், இரவு 10:05

தம்பி, முதலில் மைத்துனர் நலம்தானே. கடவுள் காப்பாற்றினார்.

நான் முப்பது வருடமாக பைபர் படகு ரிப்பேர் பார்க்கிறேன். தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோம் இல்லையா, அதே வேலைதான். ஐம்பது சென் காசு ஒன்றை எடுத்து விளிம்பால் தட்டு. இரண்டு விரல் இடைவெளியில் தட்டிக்கொண்டே வா, ஒரே பலத்தில். நல்ல இடத்தில் "டிங்" என்று தெளிவாகக் கேட்கும், பிரிந்த இடம் வந்ததும் "பொத்" என்று அடங்கிவிடும். சந்தேகம் வரும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடு. கம்பை ஒரு முழம் தட்டியதும் கொஞ்சம் உருட்டி மறுபக்கமும் தட்டு, ஒரு பக்கம் மட்டும் தட்டிவிட்டு நல்லது என்று சொல்லாதே. பக்கத்தில் ரேடியோ, மோட்டார் சைக்கிள் எதுவும் ஓடக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இன்னும் நன்றாகத் தெரியும்.

படகில் எனக்கு இது போதும். எந்த மிஷினும் வேண்டாம்.

---

ஐந்து_மெகா | செவ்வாய், காலை 6:40

அண்ணே சொன்னதைச் செய்யுங்கள், இன்றைக்கே செய்யுங்கள். ஆனால் "போதும்" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் வடக்கே ஒரு தொழிற்சாலையில் விமான இறக்கைப் பாகங்களை அல்ட்ராசோனிக்கில் (காதுக்குக் கேட்காத ஒலியில்) சோதிக்கும் வேலையில் இருக்கிறேன், நாள் முழுக்க இந்த அடுக்குப் பிரிவைத் தேடுவதுதான் என் சம்பளம்.

முதலில் வெளியே ஏன் எதுவும் தெரியவில்லை என்பது. கார்பன் இழை அது ஓடும் திசையில் மிகவும் பலமானது. ஆனால் ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவே இழை எதுவும் குறுக்கே போவதில்லை, இறுகிய பசையான வெறும் ரெசின்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. இழைத் திசையில் இழுவிசையை 1500 மெகாபாஸ்கலுக்கு மேல் தாங்கும் பொருள், அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும் திசையில் 60 முதல் 100 மெகாபாஸ்கலில் விட்டுக்கொடுத்துவிடும். அவ்வளவு வித்தியாசம். குலை விழுந்த இடத்தில் மேல் அடுக்கு வளைந்து பழைய நிலைக்கு வந்துவிட்டது, அதனால் பளபளப்பு அப்படியே இருக்கிறது. அடிபட்ட சேதம் உள்ளே போகப் போக விரிந்துகொண்டே போகும், மேலே ஊசிமுனை அளவு, அடியில் உள்ளங்கை அகலம், கிட்டத்தட்ட கூம்பு மாதிரி. உங்கள் காலாவில் அந்த அகலமான பகுதி குழாயின் உள்பக்கம். உங்கள் கண்ணுக்கு எட்டாத பக்கம். நீங்கள் கவனக்குறைவாக இருந்துவிட்டீர்கள் என்று நினைத்து மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். விமானத்துறையில் இதற்கென்றே ஒரு பெயர் இருக்கிறது, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் அடி என்று. விமானத்தை வடிவமைப்பவர்களே அப்படி ஓர் அடி இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறார்கள்.

அடுத்தது, மூன்று வாரம் ஏன் தாங்கியது? இழுக்கும் பாரத்துக்கு அடுக்குப் பிரிவு அவ்வளவாகக் கெடுதல் செய்யாது, இழைகள் அறுபடவில்லையே. அமுக்கும் பாரம்தான் எமன். ஒரு தகட்டை நடுவே இரண்டு ஏடாகப் பிரித்தால் ஒவ்வோர் ஏட்டின் வளைவு விறைப்பும் எட்டில் ஒன்று, இரண்டையும் சேர்த்தாலும் பழையதில் நாலில் ஒன்றுதான். காலா வளையும்போது ஒரு பக்கம் இழுபடுகிறது, எதிர்ப்பக்கம் அமுங்குகிறது. அந்த அமுங்கும் பக்கத்தில் பிரிந்த ஏடு தனியாகப் புடைத்து மடங்கும், மடங்கும்போது பிரிவின் ஓரம் இன்னும் கிழியும். ஒவ்வொரு குலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்து, ஒரு காலையில் மொத்தமாகப் போய்விட்டது. நீங்கள் "நசுங்கி மடங்கியது" என்று எழுதியது அதற்குப் பொருத்தமாக இருக்கிறது.

---

கோலமூடா_படகு | செவ்வாய், காலை 7:15

சரிம்மா, விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் தட்டுவது ஏன் போதாது என்று சொல்லவில்லையே?

---

ஐந்து_மெகா | செவ்வாய், இரவு 8:20

மன்னிக்கவும் அண்ணே, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

தட்டும்போது காது கேட்பது மேல் சில அடுக்குகளின் அதிர்வைத்தான். பிரிவு ஆழத்தில் இருந்தால் அதன் மேலே இருக்கும் தடிமனே விறைப்பாக இருப்பதால் சத்தம் நன்றாகத்தான் வரும். காலாவின் சுவர் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், அதனால் இங்கே தட்டுவது நன்றாகவே வேலை செய்யும். படகின் தடித்த அடிப்பகுதியில் அப்படி இல்லை. பிரிவு சிறியதாக இருந்தாலும், ஒரு காசு அகலத்துக்குக் கீழே, காது தவறவிடும்.

2005 மார்ச் 6-ஆம் தேதி கியூபாவின் வரடேரோவிலிருந்து கனடாவின் கியூபெக் நகருக்குக் கிளம்பிய ஏர் டிரான்சாட் ஏ310 விமானத்தின் சுக்கான் நடுவானில் பிய்ந்து போய்விட்டது. விமானி திருப்பிக்கொண்டு வந்து பத்திரமாக இறக்கினார். அந்தச் சுக்கான் தேன்கூடு போன்ற நடுப்பகுதியின் இருபுறமும் கலப்புப்பொருள் தோல் ஒட்டிய வகை. உற்பத்தியாளர் சொல்லியிருந்த சோதனை முறை எல்லாக் குறைகளையும் பிடிக்கப் போதுமானதல்ல என்று கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரணையில் சொன்னது. கண்ணால் பார்ப்பதும் தட்டிப் பார்ப்பதும்தான் அந்த முறையின் அடிப்படை. அதனால்தான் சொல்கிறேன், தட்டி "பொத்" என்று கேட்டால் அந்தக் காலா கெட்டது என்பது நிச்சயம், "டிங்" என்று கேட்டால் மட்டும் நல்லது என்று நிச்சயமில்லை.

---

பாலிடெக்னிக்_ரெண்டாம்_வருஷம் | செவ்வாய், இரவு 9:02

அக்கா, எக்ஸ்ரே எடுத்தால் தெரியாதா? எங்கள் லேபில் ஒன்று இருக்கிறது, கேட்டுப் பார்க்கலாம்.

---

ஐந்து_மெகா | செவ்வாய், இரவு 9:30

நல்ல கேள்வி தம்பி. எக்ஸ்ரே, கதிர் போகும் வழியில் எவ்வளவு பொருள் குறைகிறது என்பதைத்தான் காட்டும். அடுக்குப் பிரிவு என்பது தாளை விட மெல்லிய இடைவெளி, கதிருக்குக் குறுக்கே படுத்துக் கிடக்கிறது, அதனால் படத்தில் பொருள் குறைந்ததாகவே தெரியாது. கதிரை மறைக்கும் மையை விரிசலுக்குள் ஊறவிட்டு எடுத்தால் தெரியும், ஆனால் மை உள்ளே போக வெளியே ஒரு வாய் இருக்க வேண்டும்.

ஒலி நேர்மாறானது. அல்ட்ராசோனிக் அலை காற்று இடைவெளியைத் தாண்டவே தாண்டாது, அப்படியே திரும்பி வந்துவிடும், இடைவெளி எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் சரி. கார்பன் எபாக்சியில் (எபாக்சி ஒரு வகை ரெசின்) தடிமன் திசையில் ஒலி மைக்ரோ வினாடிக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் ஓடும். 3 மில்லிமீட்டர் சுவர் என்றால் எதிரொலி 2 மைக்ரோ வினாடியில் வர வேண்டும். ஒரு மைக்ரோ வினாடியிலேயே வந்தால் நடுவில் ஏதோ பிரிந்திருக்கிறது. நாங்கள் பெரும்பாலும் 5 மெகாஹெர்ட்ஸ் வைத்துப் பார்க்கிறோம், என் பெயரும் அதிலிருந்துதான். ஆனால் காலா போன்ற மெல்லிய வளைந்த குழாயில் சாதாரண புரோபை (ஒலியை அனுப்பி வாங்கும் முனையை) வைத்தால் ஒட்டாது, மேற்பரப்பின் எதிரொலியே முதல் ஒரு மில்லிமீட்டரை மறைத்துவிடும். முனையில் பிளாஸ்டிக் துண்டு வைத்த சின்ன புரோப் வேண்டும். ஐந்து காலாவுக்காக உங்களை அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

வீட்டில் செய்யக்கூடியது இன்னொன்று இருக்கிறது. காலாவை இரண்டு ஸ்டூல் மேல் கிடத்தி நடுவில் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று ரூலரால் அளங்கள். பிறகு கால் சுற்று உருட்டி மறுபடி அளங்கள். நான்கு பக்கமும் எழுதி வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகத் தொய்ந்தால் சந்தேகப்படலாம். சுற்றிச் செய்த குழாயில் புதிதிலேயே பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், அதனால் வாங்கிய அன்றைக்கே எடுத்த அளவு இருந்தால்தான் இதற்கு முழுப் பயன்.

---

சுங்கைபட்டாணி_பைபர் | புதன், மதியம் 1:10

இதுவரை அடிபட்டதைப் பற்றியே பேசுகிறீர்கள். செய்யும்போதே பாதி பிரிந்த பொருளும் வெளியே வருகிறது, அதையும் சொல்ல வேண்டும். நான் தொட்டி, மூடி, லோரிக்கு உடல் எல்லாம் பைபரில் செய்து கொடுக்கிறேன்.

எங்கள் ஊர் ஈரம்தான் முதல் எதிரி. மத்தியானம் ஜெராய் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தால் நான் எபாக்சி வேலையை நிறுத்திவிடுவேன். ஈரக் காற்றில் இறுகும் எபாக்சியின் மேல் சோப்பு போல ஒரு வழவழப்பு படியும். அதன் மேலேயே அடுத்த அடுக்கைப் போட்டால் ஒட்டியது போலத் தெரியும், ஒட்டாது. தின்னர் போட்டுத் துடைப்பதால் அது சரியாகப் போகாது, சுத்தமான தண்ணீர் ஊற்றி, தேய்க்கும் பேடால் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகு மணல்தாள் போட வேண்டும். பாலியெஸ்டர் ரெசினில் வேறு கதை, மெழுகு கலந்த ரெசின் என்றால் மெழுகு மேலே வந்து படியும், சுரண்டாமல் அடுத்த நாள் மேலே போட்டால் அந்த இடத்தில் ஒரு நாள் தகடு தகடாகக் கழன்று வரும். என் பட்டறையில் ஒரு விதி வைத்திருக்கிறேன், இரவு தாண்டியதென்றால் மணல்தாள் போடாமல் யாரும் அடுத்த அடுக்கில் கை வைக்கக் கூடாது.

அப்புறம் சிலிக்கோன். மோட்டார் சைக்கிளுக்குப் பளபளப்பு ஸ்பிரே அடித்த கையோடு வந்து துணியைத் தொட்டால் போதும். இறுகிய பரப்பைச் சுத்தம் செய்தபின் அதன் மேல் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், ஒரே தகடாகப் பரவி நின்றால் சுத்தம், சேம்பிலை மேல் போல முத்து முத்தாக உருண்டால் இன்னும் அழுக்கு இருக்கிறது.

---

ஐந்து_மெகா | புதன், இரவு 8:45

அண்ணே சொன்ன தண்ணீர்ச் சோதனையை நாங்களும் அப்படியே செய்கிறோம், பெரிய இடம் சின்ன இடம் என்று வித்தியாசமே இல்லை.

ரெசின் ஊறவைத்தே வரும் துணியில் இன்னும் சில தொல்லைகள். அதை மைனஸ் 18 டிகிரியில் வைத்திருப்போம். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடக் கூடாது, அறை வெப்பத்துக்கு வரும் வரை மூடியே இருக்க வேண்டும். இல்லையென்றால் குளிர்ந்த ஐஸ் காச்சாங் கிண்ணத்தின் வெளிப்பக்கம் வேர்ப்பது போலத் துணி மேல் வேர்த்துவிடும், அந்த நீர் அடுப்பில் ஆவியாகி அடுக்குகளுக்கு நடுவே குமிழியாக உட்கார்ந்துகொள்ளும். குமிழி நூற்றில் ஒரு பங்கு கூடினாலே அடுக்குகளின் பிடிப்பு ஏறக்குறைய 7 விழுக்காடு குறையும் என்பது எங்கள் துறையில் எல்லோரும் கையாளும் கணக்கு. அதனால்தான் சில அடுக்குகளுக்கு ஒரு முறை வேக்கூம் வைத்து காற்றை அமுக்கி எடுப்பதும், ஆட்டோகிளேவ் என்ற அழுத்த அடுப்பில் 6, 7 பார் அழுத்தத்தில் வேகவைப்பதும். காலா மாதிரியான குழாயைப் பெரும்பாலும் உருளையில் சுற்றி மேலே சுருங்கும் டேப் கட்டி அடுப்பில் வைக்கிறார்கள், டேப் கொடுக்கும் அழுத்தம் அவ்வளவு இருக்காது. மோசமானது என்று சொல்லவில்லை, கவனமாகச் செய்தால் நன்றாகவே வரும். கவனமில்லாமல் செய்ததற்கும் கவனமாகச் செய்ததற்கும் வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது என்பதுதான் கவலை.

---

கூலிம்_வயரிங் | புதன், இரவு 10:30

தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே, ஆனாலும் சொல்லாமல் போக முடியவில்லை. கார்பன் மின்சாரம் கடத்தும். பைபர் என்றதும் ரப்பர் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். தோட்டத்து ஓரத்தில் லைன் கம்பி போகும் இடத்தில் அலுமினியத்துக்கு எவ்வளவு தள்ளி நிற்கிறீர்களோ அதே தூரம் கார்பனுக்கும் தள்ளி நில்லுங்கள். தயவுசெய்து ஆட்களிடம் சொல்லுங்கள் அண்ணே.

---

செம்பனை_பீடோங் | சனி, மாலை 5:50

எல்லோருக்கும் நன்றி. மைத்துனர் நலம். லைன் கம்பி விஷயத்தை இன்று காலை வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் எல்லோரையும் நிறுத்திச் சொல்லிவிட்டேன்.

ஐந்தையும் கொட்டகைக்குள் கொண்டுவந்து ஃபேனை நிறுத்திவிட்டுத் தட்டினோம், நானும் மைத்துனரும் மாறி மாறி. மூன்று காலா முழுக்க ஒரே சத்தம். ஒன்றில் நடுப்பகுதிக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்கு "பொத்". கேட்டவுடன் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. தொய்வு அளந்ததில் அதே காலா அதே பக்கம் மற்றப் பக்கங்களை விட 9 மில்லிமீட்டர் கூடுதல். அதை இரும்பு ரம்பத்தால் அந்த இடத்திலேயே அறுத்துப் பார்த்தோம். வெட்டு முகத்தில் நகத்தை வைத்தாலே உள் ஏடு கழன்று வருகிறது.

ஐந்தாவதில்தான் குழப்பம். தட்டினால் நடுவெல்லாம் நல்ல சத்தம், ஆனால் அலுமினிய கிளாம்ப் மாட்டும் முனையில் கைவிரல் அகலத்துக்கு மந்தமாக இருக்கிறது. கிளாம்பைக் கழற்றினால் உள்ளே வெள்ளைத் தூள். இது அடியா, வேறு ஏதாவதா?

---

சுங்கைபட்டாணி_பைபர் | சனி, இரவு 7:25

வெள்ளைத் தூள் அலுமினியம் அரித்தது. கார்பனும் அலுமினியமும் ஈரத்தோடு தொட்டுக்கொண்டிருந்தால் பாட்டரி போல வேலை செய்யும், அலுமினியம்தான் கரையும். ஆட்களின் வேர்வை உப்பு வேறு. அந்தத் தூள் தான் பிறந்த அலுமினியத்தை விட இடம் அதிகம் எடுக்கும், கிளாம்புக்குள் வீங்கிக் குழாயை நெரிக்கும். கிளாம்ப் மாட்டும் இடத்தில் ஒரு சுற்று கண்ணாடி பைபர் துணியை எபாக்சியில் ஒட்டிவிட்டால் இரண்டும் நேராகத் தொடாது.

இன்னொன்று, முனையை அறுத்தபடியே விட்டிருக்கிறார்களா பாருங்கள். அறுத்த முகத்தில்தான் எல்லா அடுக்கின் ஓரமும் திறந்திருக்கிறது, ஈரமும் அங்கேதான் நுழையும், பிரிவும் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். மெல்லிய மணல்தாளால் ஓரத்தைச் சமப்படுத்தி எபாக்சி தடவி மூடுங்கள். போல்ட்டுக்கு ஓட்டை போடுவதானால் பின்னால் மரக்கட்டை முட்டுக் கொடுத்து, கூரான கார்பைட் பிட்டால், அழுத்தாமல் போடுங்கள். பிட் வெளியேறும் பக்கம் முட்டு இல்லாவிட்டால் கடைசி ஏட்டைத் தள்ளிப் பிரித்துவிடும்.

---

பாலிடெக்னிக்_ரெண்டாம்_வருஷம் | சனி, இரவு 8:40

பிரிந்த இடத்தில் சிரிஞ்சால் எபாக்சி ஏற்றி கிளாம்ப் போட்டு மூடிவிட முடியாதா? வீணாகப் போகிறதே.

---

கோலமூடா_படகு | சனி, இரவு 9:15

வேண்டாம் தம்பி. நான் படகில் செய்து ஏமாந்திருக்கிறேன். உள்ளே தூசியும் ஈரமும் போன பிறகு ரெசின் எதன் மேல் ஒட்டும்? அந்தப் பகுதி மொத்தமும் எடுத்துவிட்டு, சுற்றிலும் சரிவாகச் சீவி, அடுக்கு அடுக்காகப் புதிதாகப் போட வேண்டும். தடிமனைப் போல இருபது முப்பது மடங்கு நீளத்துக்குச் சரிவு வேண்டும். படகில் அதற்கு இடம் இருக்கிறது. தலைக்கு மேலே அரிவாள் தொங்கும் கம்பில் நான் செய்து கொடுக்க மாட்டேன்.

அக்கா சொன்னதை நான் யோசித்துப் பார்த்தேன், என் படகுகளிலும் எஞ்சின் மாட்டும் தடித்த பின்பக்கத்தில் தட்டினால் நல்ல சத்தம் வந்து, ஆறு மாதத்தில் உள்ளே பிரிந்து கிடந்தது இரண்டு முறை நடந்திருக்கிறது. அப்போது ஏன் என்று புரியவில்லை. நிறம் போடாத கண்ணாடி பைபர் என்றால் இன்னொரு வழி: இருட்டில் உள்ளேயிருந்து டார்ச் அடித்தால் பிரிந்த இடம் சுற்றிலும் இருப்பதை விடக் கறுத்து நிழல் போலத் தெரியும். கார்பன் கறுப்பு, அதில் முடியாது.

---

ஐந்து_மெகா | ஞாயிறு, காலை 9:00

ஐந்தாவது காலாவை ஒதுக்கிவிடுங்கள். முனையை அறுத்துவிட்டுக் குட்டையாக வைத்துக்கொள்ளலாம், அறுத்த இடத்துக்குப் பின்னால் ஒரு முழமாவது நல்ல சத்தம் வந்தால் மட்டும்.

அந்த "டக்" சத்தத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இந்தப் பேச்சு தொடங்கியதிலிருந்து அது என் மனதில் இருக்கிறது. டைட்டன் நீர்மூழ்கி தெரிந்திருக்கும், 2023 ஜூன் 18-ஆம் தேதி ஐந்து பேரோடு நொறுங்கியது. அதன் உடல் கார்பன் பைபர், ஐந்து அங்குலத் தடிமன், ஒவ்வோர் அங்குலமாகச் சுற்றி வேகவைத்து, அதன் மேல் அடுத்ததை ஒட்டியது. அதற்கு முந்தைய வருடம் ஜூலை 15-ஆம் தேதி 80-ஆவது முழுக்கிலிருந்து மேலே வரும்போது ஒரு பெரிய சத்தம் கேட்டது. உடலில் ஒட்டியிருந்த அளவிகளின் எண்களும் அதன்பின் மாறின. அந்த முழுக்குக்குப் பிறகு உடலில் அடுக்குப் பிரிவு இருந்தது என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொல்கிறது. சத்தத்தைக் கேட்டார்கள், பதிவும் செய்தார்கள், அதற்குப் பிறகும் ஆழத்துக்குப் போனார்கள்.

உங்கள் ஆட்களுக்கு இதை மட்டும் சொல்லிவிடுங்கள்: கார்பன் காலா எந்தச் சத்தம் போட்டாலும், குலை விழுந்தாலும், டிராக்டர் சக்கரம் ஏறினாலும், அன்றைக்கு அந்தக் காலா வேலைக்கு இல்லை. தட்டி, அளந்து பார்த்த பிறகுதான் மறுபடி கையில். அதற்காக அன்றைய கூலி குறையாது என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

---

செம்பனை_பீடோங் | ஞாயிறு, இரவு 8:10

சொல்லிவிட்டேன் அக்கா, கூலி விஷயமும் சேர்த்து. மூன்று காலாவுக்கும் வெள்ளைப் பெயிண்டால் நம்பர் போட்டு, நான்கு பக்கத் தொய்வையும் நோட்டில் எழுதியாயிற்று. கீழே போடாமல் சாய்த்து வைக்க பிளாக்குக்கு ஒரு கவைக்கம்பு நட்டிருக்கிறோம். காலையில் லோரி ஏற்றுவதற்கு முன் மைத்துனரே தட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். அறுத்த துண்டை மேசை மேல் வைத்திருக்கிறேன், தம்பி பாலிடெக்னிக், லேபுக்கு வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம்.